கிளினிக் டெப்பா, போன் செயலியா, வீட்டுக்கு வரும் அழைப்பா?

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர் தன் உபாதைகளைத் தானே மின்வழியில் தெரிவிக்க மூன்று வழிகள் உண்டு: கிளினிக்கில் கையில் தரும் டெப் (தொடுதிரைக் கைக்கணினி), ஸ்மார்ட்போன் செயலி, கணினி தானாக எடுத்துப் பேசும் தொலைபேசி அழைப்பு. இலங்கை மலையகத்தின் மஸ்கெலியா, பொகவந்தலாவை, லிந்துலைப் பக்கத்து லயன்களுக்கு (தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) நாங்கள் தெரிவுசெய்தது அழைப்பைத்தான்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது நாள் கணக்கு. 21 நாளுக்கு ஒருமுறை ஏற்றும் பல மருந்துகளில் வெள்ளையணுக்கள் மிகவும் குறைவது ஏறக்குறைய 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை. வாய்ப்புண், வயிற்றால் போவது, காய்ச்சல் எல்லாம் பெரும்பாலும் அந்த நாட்களில், நோயாளி வீட்டில் இருக்கும்போதுதான் வரும். அடுத்த ஏற்றத்துக்குக் கண்டிக்கோ பதுளைக்கோ வந்து இறங்கும்போது புண் ஆறியிருக்கும். "பரவாயில்ல டொக்டர்" என்பார். டெப்பிலும் அதுதான் பதிவாகும். சோறு இறங்காமல் கிடந்த அந்த வாரம் எங்கும் இருக்காது.

செயலி அந்த வாரத்தைப் பிடிக்கும். படமும் அனுப்பலாம் என்பதால் தோல் தடிப்புக்கு அதுவே நல்லது. ஆனால் வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் மகனோடு வேலைக்குப் போய்விடும், டேட்டா தீர்ந்திருக்கும், பள்ளத்து லயனில் சிக்னல் ஒரு கோடுதான். பக்லிடெக்சல் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றி விரல் மரத்தவருக்குத் தொடுதிரையும் சிரமம். ஹட்டன் டவுனில் படித்த மகளோடு இருப்பவருக்கு என்றால் செயலியையே கொடுக்கலாம்.

அழைப்புக்குப் பழைய பட்டன் போன் போதும், ரீலோட் வேண்டாம், எழுத்தும் தெரிந்திருக்க வேண்டாம். லயன் அறையில் நாலு பேர் இருந்தாலும் எண்ணை மட்டும் அழுத்துவதால் விஷயம் வெளியே போகாது. ஞாயிறு மாலை 6 மணி பொருத்தமான நேரம்: போன் வீட்டில் இருக்கும், திங்கள் காலையிலேயே தாதி பதிலைப் பார்த்துவிடலாம். கேள்வி எட்டுக்கு மேல் வேண்டாம். விடை ஐந்து: "இல்லவே இல்லை என்றால் 1, கொஞ்சம் என்றால் 2..." என்று ஒவ்வொன்றோடும் எண்ணைச் சேர்த்தே சொல்ல வேண்டும், கடைசியில் மொத்தமாகச் சொன்னால் மறந்துபோகும். நாலோ ஐந்தோ அழுத்தினாலும், போன வாரத்தைவிட இரண்டு படி ஏறினாலும் தாதி திரும்ப அழைக்க வேண்டும். காய்ச்சலுக்கு இந்த வரிசை ஆகாது. 38 பாகை, அதாவது 100.4 பரனைட், தொட்டால் அப்போதே 1990 அம்புலன்ஸ் எண்ணுக்கு எடுக்கச் சொல்லி ஒவ்வொரு அழைப்பும் முடிய வேண்டும்.

பிழை நேர்வது பெரும்பாலும் சொல்லில். "சத்தி" என்று பதிந்தால் தோட்டத்து அம்மாவுக்குப் பிடிபடாது. "வாந்தி" என்றே பதியுங்கள். விரல் நரம்பை மரக்கவைக்கக்கூடிய ஒக்சாலிபிளாட்டின் மருந்து ஏற்றியவரிடம் "விரல் விறைக்கிறதா?" என்று மட்டும் கேட்டால், மார்கழிக் குளிரில் பைப் தண்ணீரைத் தொட்ட எவரும் ஆம் என்பார். "தண்ணீரைத் தொடாதபோதும் மரத்திருக்கிறதா, சட்டைப் பட்டன் போட முடிகிறதா?" என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

ஆதாரத்தில் ஒன்றை மறைக்கக் கூடாது. 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 766 பேரில், தாமே தெரிவித்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26 மாதம். அது இணையவழிப் பதிவு. அந்தக் கணக்கை அழைப்புக்கு அப்படியே ஏற்ற முடியாது. இணையம், தானியங்கி அழைப்பு இரண்டில் ஒன்றை நோயாளியே தெரிவுசெய்த 2022 ஆய்வில் உடல் இயக்கமும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன.

டெப்பைத் தூக்கிப் போட வேண்டாம். 30 கேள்வி கொண்ட கியூஎல்கியூ-சி30 வாழ்க்கைத் தரப் படிவத்தைப் போனில் கேட்டால் பாதியில் வைத்துவிடுவார்கள். கிளினிக்கில் காத்திருக்கும் நேரத்துக்கு அது சரி. அதே வரவில் போன் எண்ணையும் சரிபாருங்கள். சிம் மாறியிருக்கும், கிளினிக் கொப்பியில் பழைய எண்ணே கிடக்கும். அவர் முன்னாலேயே ஒரு மிஸ்ட் கோல் கொடுத்து, அந்த எண்ணை "ஆஸ்பத்திரி" என்று அவர் போனில் பதிந்துவிட்டு அனுப்புங்கள். தெரியாத எண் என்றால் எடுக்கமாட்டார்கள்.