புற்றுநோய்ச் செலவு: முதல்வர் காப்பீடா, தனியார் பாலிசியா, இ.எஸ்.ஐ.யா?

பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "இன்சூரன்ஸ் எவ்வளவுக்கு இருக்கு?" என்பதுதான். ஆறேழு மாதம் சம்பளம் இல்லாமல் வீடு எப்படி ஓடும் என்று கேட்க யாருக்கும் தோன்றாது. கூலிக்கும் சம்பளத்துக்கும் போகிறவர்களை முறிப்பது பெரும்பாலும் இதுதான்.

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதல்வர் காப்பீடு உண்டு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. பிரீமியத்தை அரசே கட்டிவிடும். நோய் வந்தபின் பதிந்தாலும் மறுக்க மாட்டார்கள். ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலக மையத்துக்குப் போனால் போதும். ஒரே சிக்கல், ஒவ்வொரு சிகிச்சைக்கும் தொகை முன்பே நிர்ணயிக்கப்பட்டது. டாக்டர் எழுதும் விலை உயர்ந்த ஊசி அந்தத் தொகுப்பில் வருமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்டரில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தனியார் பாலிசி, நோய் வருவதற்கு முன்பே எடுத்தவர்களுக்கானது. முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 விதிப்படி அதிகபட்சம் 3 ஆண்டுதான். ஆனால் கேன்சர் வந்தவருக்குப் புதிதாக யார் பாலிசி கொடுப்பார்கள்? பழைய பாலிசியில் அறை வாடகை வரம்பைப் பாருங்கள். அதைத் தாண்டிய அறையில் படுத்தால் டாக்டர் கட்டணம் வரை விகிதப்படி வெட்டுவார்கள். கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார், அப்புறம் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். 50 லட்சம் வரை தீர்ப்பளிப்பார். கட்டணமும் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

யாரும் மதிக்காத இ.எஸ்.ஐ.க்குத்தான், அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குத்தான், என் ஓட்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ளவர்களிடம் 0.75 சதவீதம் பிடிக்கிறார்களே, அதுதான். சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பு இல்லை என்று இ.எஸ்.ஐ. கழகமே சொல்கிறது. அதைவிடப் பெரிது, சம்பளத்துக்குப் பதிலாக வரும் பணம்: முதல் 91 நாள் 70 சதவீதம், அதன்பின் புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம், அதிகபட்சம் 2 ஆண்டு வரை. மற்ற இரண்டிலும் இது கிடையாது. இந்த 80 சதவீதத்துக்கு 2 ஆண்டு தொடர் வேலையும் சந்தாவும் வேண்டும். இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி டாக்டரின் சான்றிதழ் இல்லாமல் ஒரு ரூபாய் வராது. வரிசையும் ரெஃபரல் அலைச்சலும் உண்டுதான், மறைக்கவில்லை.

அதனால், "உடம்பைப் பாரும்மா, எழுதிக் கொடுத்துட்டுப் போ" என்று மேனேஜர் அன்பாகச் சொன்னாலும் ராஜினாமா எழுதாதீர்கள். அந்தக் கையெழுத்தோடு தொடர் வேலை அறுந்துவிடும். நோய்க்காலப் பணம் வாங்கும்போது வேலையை விட்டு நீக்கவும் கூடாது. மாதக்கணக்கில் நீளும் விடுப்புக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

மூன்றில் எதற்குப் போனாலும் ஃபைல் கேட்பார்கள். நோயாளி எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவ நெறிமுறை விதி. கேட்ட கடிதத்தின் நகலில் தேதியும் சீலும் வாங்கிக்கொள்ளுங்கள்.