சாண்டோரினியில் எங்கே தங்குவது: இயாவா, கமாரியா?

கிரேக்கத் தீவான சாண்டோரினிக்குப் பயணம் முடிவானதும் வீட்டில் நடந்த ஒரே சண்டை, இந்த இரண்டு ஊர்களில் எது என்பதுதான். மனைவிக்கு இயா, எனக்குக் கமாரி. கூட வந்த அம்மாவின் முழங்கால் என் பக்கம் சாய்ந்தது.

இயாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். வெள்ளைச் சுவர், நீலக் குவிமாடம், சூரிய அஸ்தமனம் எல்லாம் நிஜமாகவே அழகு, வாடகையும் அதற்கேற்ப. கமாரி கிழக்குக் கரையில் இருக்கிறது. கறுப்பு மணலும் கூழாங்கல்லும் கலந்த கடற்கரை, சமதளத் தெரு. அஸ்தமனம் கிடையாது, உதயம் உண்டு. விமான நிலையம் பக்கத்தில் என்பதால் சத்தமும் உண்டு.

நான் படிக்கட்டைப் பார்த்துத்தான் முடிவெடுப்பேன். ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்துத் தீவின் நடுப்பகுதி உள்வாங்க, கடல் புகுந்தது. அந்தப் பள்ளம்தான் கால்டெரா. அதன் செங்குத்தான விளிம்பில்தான் இயா இருக்கிறது. அங்கே படிந்த சாம்பலும் நுரைக்கல்லும் குடைவதற்கு எளிது. கப்பலில் வேலை பார்த்த ஏழைகள் அப்படிக் குடைந்து குடியிருந்த பொந்து வீடுகள் பலவும் இன்று விலை உயர்ந்த விடுதி அறைகள். கார் மேலேயே நின்றுவிடும், அறைக்குப் படியில் இறங்க வேண்டும். பெட்டியைத் தூக்க ஆள் வருவார், சரி. அம்மாவை யார் தூக்குவது? படிகள் ஒரே உயரத்தில் இல்லை, பல இடங்களில் கைப்பிடியும் இல்லை. தண்ணீர் பாட்டில் வாங்கக்கூட மறுபடி ஏறியாக வேண்டும்.

கமாரியின் குறை பேருந்து. இயா போனாலும் அக்ரோத்திரி போனாலும் தீவின் முக்கிய ஊரான ஃபிராவில் இறங்கி மாற வேண்டும். செப்டம்பரில் அது எங்களுக்குத் தொல்லையாக இல்லை. ஆகஸ்டு கூட்டத்தில் எப்படியோ, என்னால் உறுதி சொல்ல முடியாது. அக்ரோத்திரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதே வெடிப்பின் சாம்பலில் புதைந்த ஊர், 1967இல் முறையாகத் தோண்டத் தொடங்கினார்கள். மேலே கூரை போட்டு நடைபாதை அமைத்திருப்பதால் அம்மாவும் நிதானமாகச் சுற்றிப் பார்த்தார்.

முழங்கால் நன்றாக இருக்கும் இருவர் மட்டும் போவதானால், கால்டெரா பக்கமே தங்கலாம். அப்போதும் இயாவைவிட ஃபிராதான் வசதி: எல்லாப் பேருந்தும் அங்கிருந்தே கிளம்பும், இயாவுக்கு விளிம்போரமாக 10 கி.மீ. நடந்தும் போகலாம். ஆனால் பணம் கட்டுமுன் சாலையிலிருந்து அறைக்கு எத்தனை படி என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லாமல் 'கொஞ்சம்தான்' என்று பதில் வந்தால் வேறு விடுதி பாருங்கள்.