பழைய பட்டன் பிரேஸ்லெட்: பின்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்

இந்தப் பிரேஸ்லெட்டின் நடுவில் ஊசி உடைந்த பழைய புரூச் (உடையில் குத்தும் அணி), இருபுறமும் நான்கு நான்காகக் கறுப்புக் கண்ணாடி பட்டன்கள். ஒவ்வொன்றும் தனி வேலைப்பாடு. ஒன்றில் மேலே பூசிய வெள்ளிப் பூச்சு பாதி தேய்ந்து, பூவின் விளிம்பில் மட்டும் மினுங்குகிறது. அந்தத் தேய்மானத்தை மெருகேற்றி அழிக்காமல் விட்டதற்கே பாராட்ட வேண்டும்.

விற்பவர்கள் இந்தக் கறுப்புக் கண்ணாடியை 'ஜெட்' என்பார்கள். உண்மையான ஜெட், புதைந்த மரம் இறுகி உருவான கறுப்புக் கல். 1861-இல் கணவர் ஆல்பர்ட் இறந்தபின் விக்டோரியா அரசி துக்கக் கறுப்பு அணிய, இங்கிலாந்தில் விட்பி ஊர் ஜெட் நகைகளுக்கு மவுசு கூடியது. மலிவு மாற்றாகக் கறுப்புக் கண்ணாடியும் விற்றது. கன்னத்தில் வைத்துப் பாருங்கள்: கண்ணாடி சில்லென்று கனக்கும், ஜெட் லேசாக, வெதுவெதுப்பாக இருக்கும்.

கட்டுமானம் நன்று. பட்டனின் பின்னுள்ள கம்பிக் காதை வெட்டாமல், அதிலேயே வளையம் கோத்திருக்கிறார்கள். காதை வெட்டித் தட்டையாக்கிப் பசையில் ஒட்டியவை வேண்டாம். வழவழப்பான கண்ணாடியில் பசை நாளடைவில் விட்டுவிடும், பட்டனின் பழம்பொருள் மதிப்பும் போய்விடும்.

குறை, வளையங்கள்தான். வாய் பற்றவைக்காததால், இழுபட்டால் விரிந்து பட்டன் நழுவும். பற்றவைத்த அல்லது இரட்டைச் சுற்று வளையம் கேளுங்கள். மணிக்கட்டு அளவைவிட 2 செ.மீ. கூடுதலாக வாங்குங்கள், பட்டனின் தடிமன் அதை விழுங்கிவிடும்.

புரூச்சின் கற்களுக்குப் பின்னால் பளபளப்புத் தாள் உண்டு. தண்ணீர் புகுந்தால் கல் கறுத்துவிடும். ஈரத்துணியும் வேண்டாம், உலர்ந்த மென்துணி போதும்.