இபானெட் 2.2: பழைய மாதிரிகளை வைத்திருப்பவர்கள் மாறலாமா?

குடிநீர்க் குழாய் வலையைக் கணினியில் மாதிரியாக்கி நீரின் ஓட்டம், அழுத்தம், குளோரின் அளவைக் கணக்கிடும் மென்பொருள் இபானெட். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2000-ல் வெளியிட்ட அதன் 2.0 பதிப்பு இன்னும் பல அலுவலகக் கணினிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2020-ல் வந்த 2.2-க்கு மாறலாமா என்று கேட்டால், மதுரை போன்ற ஊருக்கு மாறித்தான் ஆக வேண்டும். காசும் கிடையாது, முற்றிலும் இலவசம்.

முகப்பில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். டெல்ஃபியில் எழுதிய அதே பழைய சன்னல்கள்தான். 2.0-வின் உதவிக் கோப்பு விண்டோஸ் 10-ல் திறக்காது, 2.2-ல் திறக்கிறது. அவ்வளவுதான். சரக்கு இருப்பது சி மொழியில் எழுதிய கணக்கீட்டு எஞ்சினில். அதன் மூலநிரல் திறந்தே இருக்கிறது, சீமேக் என்கிற நிரல் கட்டும் கருவியில் யாரும் கட்டிக்கொள்ளலாம்.

மாறச் சொல்வதற்கு முதல் காரணம், அழுத்தத்தைச் சார்ந்த தேவை என்கிற பிடிஏ வசதி. அழுத்தம் குறைந்தால் கிடைக்கும் நீரும் குறையும் என்று கணக்கிடும். 2.0 கணக்கில் குழாயில் அழுத்தமே இல்லாவிட்டாலும் வீட்டுக்குத் தண்ணீர் போய்விடும். கடைக்கோடித் தெருவில் மைனஸ் அழுத்தம் காட்டி ஒரு எச்சரிக்கையோடு முடித்துவிடும். விட்டுவிட்டு, சில மணி நேரமே விநியோகம் நடக்கும் வார்டுகளுக்கு இந்தக் கணக்கு உதவாது. 2.2-ல் ஹைட்ராலிக்ஸ் விருப்பங்களில் பிடிஏ-வைத் தேர்ந்தெடுத்து, குறைந்தபட்ச அழுத்தம் 0, தேவையான அழுத்தம் 7 மீட்டர் (மத்திய அரசின் குடிநீர்ப் பொறியியல் அமைப்பான சிபிஎச்இஇஓ-வின் 1999 கையேட்டில் தரைத்தளம் மட்டும் உள்ள கட்டடத்துக்கான அளவு), அழுத்தத்தின் அடுக்கு (exponent) 0.5 என்று கொடுங்கள். தேவையான அழுத்தத்தின் இயல்பு மதிப்பு வெறும் 0.1. அதை மாற்ற மறந்தால் பிடிஏ போட்டும் பலன் பெரிதாக இருக்காது. ஒரு குறை: குழாய் எப்போதும் நிரம்பியிருப்பதாகவே எஞ்சின் எடுத்துக்கொள்கிறது. காலிக் குழாய் நிரம்பும் முதல் சில நிமிடங்களையும், வீட்டு மோட்டார்கள் நேராக லைனில் உறிஞ்சுவதையும் இது அப்படியே காட்டாது.

அடுத்தது குளோரின். சுத்திகரிப்பு நிலையத்தின் உள்ளே நடக்கும் படிகாரக் கலவையையும் வடிகட்டலையும் இபானெட் மாதிரியாக்காது. நிலையத்தை விட்டுக் கிளம்பிய நீரின் கதைதான் இதன் வேலை. மதுரைக்கான பண்ணைப்பட்டி நிலையத்தில் சுத்திகரித்த நீரைப் பழுப்புக் கண்ணாடிப் பாட்டில்களில் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி, குழாய் நீரின் வெப்பநிலையிலேயே வைத்து, சில மணிக்கு ஒருமுறை அளந்தால் குளோரின் சிதையும் வேகம் கிடைக்கும். குளிரூட்டிய ஆய்வகத்தில் வைத்தால் வேகம் குறைவாகத் தெரியும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு: மணிக்கு 0.02 என்று கிடைத்ததை அப்படியே போடுவது. மென்பொருள் கேட்பது நாளொன்றுக்கு, அதுவும் எதிர்மறையில். அதாவது -0.48. குழாய்ச் சுவரின் சிதைவைத் தனியே வைத்தால், 0.5 மில்லிகிராம் குளோரினுடன் கிளம்பிய நீர் 48 மணி நேரத்தில் லிட்டருக்கு 0.19-க்கு இறங்கும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 கேட்கும் 0.2-க்கும் கீழே. -0.02 என்று போட்டால் 0.48 காட்டி எல்லாம் நலம் என்கும். மைனஸ் குறி விட்டுப்போனால் குளோரின் போகப்போகக் கூடும்!

மாறும்போது, இபானெட் மாதிரியைச் சேமிக்கும் .நெட் கோப்பை முதலில் 2.0-விலேயே ஓட்டி முழு அறிக்கையைச் சேமியுங்கள். பிறகு ஐஎன்பி கோப்பாக ஏற்றுமதி செய்து 2.2-ல் பழைய தேவை முறையிலேயே ஓட்டி ஒப்பிடுங்கள். ஒத்துப்போன பிறகே பிடிஏ. ஐஎன்பி சாதாரண உரைக் கோப்பு என்பதால் கிட் (Git) என்கிற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் வைத்து யார் எதை மாற்றினார்கள் என்று பார்க்கலாம். இருமக் கோப்பான .நெட்டில் அந்த வசதி இல்லை. 2011-ல் மதுரை மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 ஆனது. அதற்கு முன் வார்டு எண்ணை வைத்து ஜங்ஷன்களுக்கு (குழாய்கள் சேரும் புள்ளிகளுக்கு) பெயரிட்டிருந்தால், பெயர் மாற்றும் வேலையையும் அப்போதே முடித்துவிடுங்கள்.

ஓட்ட அலகை ஜிபிஎம்-இலிருந்து (நிமிடத்துக்குக் காலன்) எல்பிஎஸ்-க்கு (வினாடிக்கு லிட்டர்) மாற்றினால் ஏற்கெனவே உள்ள எண்கள் தாமாக மாறாது. உராய்வு இழப்பைக் கணக்கிடும் ஹேசன்-வில்லியம்ஸ் சூத்திரத்தின் குணகம் 130-ஐ அப்படியே விட்டு டார்சி-வைஸ்பாக் சூத்திரத்துக்குத் தாவினால், குழாயின் சொரசொரப்பு 130 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளும். பைத்தான் மொழியில் குழாய் வலைக் கணக்குக்கான டபிள்யூஎன்டிஆர் (WNTR) தொகுப்பின் வழியே ஓட்டுபவர்களுக்கு இன்னொன்று: அது உள்ளே எல்லாவற்றையும் எஸ்ஐ அலகில்தான் வைத்திருக்கும். விட்டம் மீட்டரில், ஓட்டம் வினாடிக்குக் கனமீட்டரில். 150 மில்லிமீட்டர் குழாய்க்கு 0.15 என்று எழுத வேண்டும்.