தடைப்பட்டியல் சோதனை: சொந்த சர்வரா, சந்தா சேவையா?

2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்யா மீதான தடைகள் குவிந்த வேகத்தில், எல்லை தாண்டி வியாபாரம் செய்யும் நிறுவனங்களுக்கு வாடிக்கையாளர் பெயர்களைத் தடைப்பட்டியல்களோடு (வியாபாரம் செய்யக் கூடாது என்று அரசுகள் குறித்த ஆட்கள், நிறுவனங்களின் பட்டியல்கள்) ஒப்பிடுவது அன்றாட வேலையாகிவிட்டது. அதற்கு மூன்று வழிகள் உண்டு. அரசுகளின் தேடல் பக்கங்களில் கையால் தட்டிப் பார்க்கலாம். பட்டியல்களை இறக்கிச் சொந்த சர்வரில் ஓட்டலாம். சந்தா கட்டி வெளிச் சேவையிடம் ஒப்படைக்கலாம். நடுத்தர அளவு நிறுவனத்துக்கு என் தேர்வு இரண்டாவது. மூன்றாவதிலிருந்து ஒரே ஒரு துண்டை மட்டும் விலைக்கு வாங்கினால் போதும்.

கைத்தேடலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மாதம் இருபது முப்பது பெயர்கள்தான் என்றால் அமெரிக்கக் கருவூலத்தின் தடை அலுவலகமான ஓஃபாக், ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், ஐநா ஆகிய நான்கின் பட்டியல்களையும் இலவசமாகவே பார்த்துவிடலாம். உள்ளிட்ட பெயர், தேதி, நேரம், மதிப்பெண் வரம்பு (பெயர் எவ்வளவு ஒத்தால் பொருத்தம் என்று எடுப்பது) எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சிக்கல் பழைய வாடிக்கையாளர்களிடம்தான். அவர்களில் ஒருவர் நாளை பட்டியலில் ஏறினால் இந்த முறை சொல்லாது. ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஐநூறு பெயர்களை யாரும் மறுபடி தட்டப் போவதில்லை.

மற்ற இரண்டையும் பெயர் பிடிக்கும் திறனை வைத்து எடைபோடுவதில் பயன் குறைவு. ஓஃபாக்கின் தேடல் பக்கம் பயன்படுத்தும் ஜாரோ-விங்க்லர் (எழுத்து ஒற்றுமை பார்ப்பது), சவுண்டெக்ஸ் (ஒலி ஒற்றுமை பார்ப்பது) முறைகள் யாருக்கும் திறந்தவை. ஆட்கள் சறுக்குவது அதற்கு முந்தைய படியில், பெயரைச் சீராக்கும் இடத்தில். 2019-இல் ஆப்பிள் 4,66,912 டாலர் செலுத்தி ஓஃபாக்குடன் சமரசம் செய்துகொண்டது. பட்டியலில் ஒரு ஸ்லொவேனிய நிறுவனத்தின் பின்னொட்டு சிறிய எழுத்தில் புள்ளிகளோடு இருந்தது. ஆப்பிளின் பதிவில் பெரிய எழுத்தில், புள்ளி இல்லாமல். மென்பொருள் இரண்டையும் வேறு வேறு என்று எண்ணிவிட்டது. 2020-இல் அமேசானுக்கு 1,34,523 டாலர் போனதற்கான காரணங்களில் ஒன்று, கிரிமியா என்ற பெயரை முதலெழுத்து மாற்றி எழுதிய முகவரிகள் வடிகட்டியில் சிக்காதது. ஆக, எந்த வழியில் போனாலும் எழுத்தளவு, புள்ளி, இடைவெளி, நிறுவனப் பின்னொட்டு எல்லாவற்றையும் ஒப்பீட்டுக்கு முன்பே களைய வேண்டும். ரஷ்ய, உக்ரைனிய மொழிகளின் எழுத்தான சிரிலிக்கில் உள்ள மூலப் பெயரைத் தனிப் புலத்தில் வைத்துத் தேட வேண்டும். ஒரே ஆள் ரஷ்ய ஆவணத்தில் விளாதிமிர், உக்ரைனிய ஆவணத்தில் வொலொதிமிர். எழுத்து ஒற்றுமையை மட்டும் நம்பினால் இந்த இரண்டும் ஒன்றுசேராது. இணைப்பெயர் அட்டவணை தனியே வேண்டும்.

சொந்த சர்வரில் உண்மையில் உடைவது பட்டியல் இறக்கம். ஓஃபாக்கின் எஸ்டிஎன் பட்டியலோடு (சொத்து முடக்கப்பட்டவர்களின் முதன்மைப் பட்டியல்), எஸ்டிஎன் அல்லாதவர்களின் ஒருங்கிணைந்த பட்டியலையும் இறக்க வேண்டும். இரண்டாவதைப் பலர் மறக்கிறார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்குவது நல்ல இடைவெளி. ஆனால் இறக்கம் நின்றுபோனால் சத்தமே வராது. சோதனை வழக்கம்போல ஓடும், “பொருத்தம் இல்லை” என்று பச்சையும் காட்டும். பட்டியல் மட்டும் மூன்று வாரம் பழையதாக இருக்கும். பிரிட்டன் 2026 ஜனவரி 28 முதல் இரண்டு பட்டியல் முறையைக் கைவிட்டு, பிரிட்டன் தடைப்பட்டியல் ஒன்றையே வைத்துக்கொண்டது. பழைய ஒருங்கிணைந்த பட்டியலின் முகவரியை நிரலில் அப்படியே விட்டவர்களுக்கு வரும் ஆபத்து இதுதான்.

இதற்கு மூன்று காவல்கள் போதும். இறக்கம் தோற்றால் உடனே ஓர் ஆளுக்கு அறிவிப்பு போக வேண்டும். பதிவுகளின் எண்ணிக்கை முந்தைய கோப்பைவிட ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் ஏற்றாமல் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பிறகும் புதிதாகப் பட்டியலில் சேர்ந்த ஒரு பெயரை உள்ளிட்டு, பொருத்தம் வருகிறதா என்று நிரலே பார்க்க வேண்டும். கோப்பின் தேதியை மட்டும் நம்பாதீர்கள்; ஓஃபாக் அறிவிப்புகளுக்குக் கால அட்டவணை கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை, அதிகாரபூர்வ இதழில் வெளியானதும் நடைமுறைக்கு வந்துவிடும். மென்பொருள் படிக்கும் பட்டியல் அதன் பின்னால்தான் வந்து சேரும். புதிய தடைத்தொகுப்பு வரும் நாளில் இதழை ஒருவர் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். சந்தா சேவை வைத்திருப்பவர்களுக்கும் இதிலிருந்து விடுதலை இல்லை.

மதிப்பெண் வரம்பு எவ்வளவு என்று ஓஃபாக் சொல்வதில்லை. நூற்றுக்கு 85-இல் தொடங்கலாம். பட்டியலில் உள்ள இருநூறு பெயர்களை வேண்டுமென்றே சிதைத்து உள்ளிட்டு, எல்லாம் பிடிபடும்வரை வரம்பைக் கீழே இறக்குங்கள். ஓஃபாக் “வலுவற்ற மாற்றுப்பெயர்” என்று குறித்திருப்பவற்றைத் தானியங்கி நிறுத்தத்தில் சேர்க்காதீர்கள். வேறு ஆளைத் தவறாகப் பிடிக்கும் வெற்றுப் பொருத்தங்களில் கணிசமான பகுதி அதோடு போய்விடும். பட்டியல் மாறும்போதெல்லாம் முழு வாடிக்கையாளர் தொகுதியையும் மறுபடி ஓட்ட வேண்டும். ஏற்கெனவே “இவர் அவரில்லை” என்று தீர்த்த பொருத்தம், பட்டியல் பதிவோ வாடிக்கையாளர் பதிவோ மாறினால் தானாகவே மறுபடி திறக்க வேண்டும்.

சந்தா சேவை உண்மையில் முந்துவது உரிமைச் சங்கிலியில். தடைபெற்ற ஒருவரோ பலரோ சேர்ந்து 50 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனம், அதன் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும் ஓஃபாக் கணக்கில் முடக்கப்பட்டதே. இருவர் ஆளுக்கு 25 என்றாலும் கதை அதுதான். பிரிட்டன் 50-க்கு மேல் என்று கேட்கும்; ஆனால் கட்டுப்பாடு யார் கையில் என்பதையும் பார்க்கும். இந்தத் தகவல் அரசுப் பட்டியல்களில் கிடைக்காது. 2023-இல் மைக்ரோசாஃப்ட் ஓஃபாக்குக்குச் சுமார் 29.8 லட்சம் டாலர் கட்டியதில் இந்த ஓட்டையும் ஒரு காரணம், சிரிலிக், சீன எழுத்துப் பெயர்களைத் தேடாததும் ஒரு காரணம். நான் விலைக்கு வாங்கச் சொல்வது இந்த உரிமைத் தரவை மட்டும்தான். அதையும் நிறுவன வாடிக்கையாளர்களுக்கு மட்டும், பதிவு எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். தனிநபர் பெயர் எதுவும் வெளியே போகத் தேவையில்லை.

தரவுச் சட்டம் உள்ளே வருவது இங்கேதான். ஐரோப்பிய வாடிக்கையாளர்களின் தரவைக் கையாளும் நிறுவனம், ஐரோப்பியத் தடைப்பட்டியலோடு ஒப்பிடுவதற்கு, ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரின் 6-ஆம் பிரிவில் உள்ள “சட்டக் கடமை”யைக் காரணம் காட்டலாம். ஓஃபாக் பட்டியலோடு ஒப்பிடுவதற்கு அதே காரணம் செல்லாது. அந்தக் கடமை ஒன்றியத்தின் அல்லது உறுப்பு நாட்டின் சட்டத்திலிருந்து வர வேண்டும்; அமெரிக்கச் சட்டம் அதில் சேராது. “நியாயமான நலன்” என்ற அடிப்படையை எடுத்து, இரு பக்கத்தையும் எடைபோட்ட குறிப்பை எழுதி வைக்க வேண்டும். ஆக ஒரே பெயரை நான்கு பட்டியலில் தேடும்போது சட்ட அடிப்படை ஒன்றல்ல. சொந்த சர்வரில் ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு புலம் சேர்த்தால் இது தீர்ந்துவிடும். சந்தா சேவைகள் பெரும்பாலும் எல்லாப் பட்டியலையும் கலந்து ஒரே விடையாகத் தருகின்றன. கூடவே எதிர்மறைச் செய்திகள், அரசியல் தொடர்புள்ளோர் பட்டியல் ஆகியவற்றையும் இயல்பாகவே திறந்து வைத்திருப்பார்கள். குற்றத் தண்டனை பற்றிய தரவு நுழைந்தால் 10-ஆம் பிரிவும் தலைமேல் வந்து உட்காரும். தேவையில்லாவிட்டால் முதல் நாளே அணைத்துவிடுங்கள்.

பிறந்த தேதியையும் கடவுச்சீட்டு எண்ணையும் எல்லோரிடமும் முன்கூட்டியே வாங்கிச் சேவைக்கு அனுப்புவது இன்னொரு கெட்ட பழக்கம். பெயர் பொருந்தினால் மட்டும், பொருந்தியவரிடம் மட்டும் கேட்டால் போதும். ஐபி முகவரி விஷயம் நேர் எதிர். 2021-இல் 5,07,375 டாலர் கட்டிய பிட்பே என்ற கிரிப்டோ கட்டண நிறுவனம், ஆள் எந்த நாட்டிலிருந்து வருகிறார் என்று காட்டும் ஐபி தரவைக் கையில் வைத்துக்கொண்டே ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. 2022-இல் கிராக்கன் என்ற கிரிப்டோ சந்தை மாட்டியதற்குக் காரணம், ஐபியைக் கணக்குத் தொடங்கும்போது மட்டும் பார்த்துவிட்டு, பரிவர்த்தனையின்போது பார்க்காமல் விட்டது. எடுக்கும் தரவைப் பயன்படுத்துங்கள். பயன்படுத்தாததை எடுக்காதீர்கள் என்றுதான் தடைச் சட்டமும் தரவுச் சட்டமும் கேட்கின்றன.

என் தேர்வைத் தீர்மானித்தது இவை எதுவுமில்லை, சான்று. 2024 ஏப்ரல் 24-இல் அமெரிக்கா தடை மீறல் வழக்குகளுக்கான காலவரம்பை 5 ஆண்டிலிருந்து 10 ஆக்கியது. 2025 மார்ச் 12 முதல் ஓஃபாக் ஆவணங்களையும் 10 ஆண்டு காக்க வேண்டும். டாலர் பரிவர்த்தனை உள்ள வெளிநாட்டு நிறுவனமும் இந்தக் கணக்கில்தான் யோசிக்க வேண்டும். இப்போது ஜிடிபிஆர் 28-ஆம் பிரிவைப் படியுங்கள்: உங்களுக்காகத் தரவைக் கையாளும் சேவை, ஒப்பந்தம் முடிந்ததும் அதைத் திருப்பித் தர வேண்டும் அல்லது அழிக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் சேவையை மாற்றினால் மீதி ஏழு ஆண்டுக்கான சான்று எங்கே? கையில் மிஞ்சுவது பெரும்பாலும் “பொருத்தம் இல்லை” என்று சொல்லும் பிடிஎஃப் குவியல். அன்று எந்தப் பட்டியல், எந்தப் பதிப்பு, எந்த வரம்பு என்பது அதில் இருக்காது. விசாரணையில் முதலில் கேட்கப்படுவதோ அதுதான்.

சொந்த சர்வரில் இதற்கான பராமரிப்பு எளிது. இறக்கிய மூலக் கோப்பை மாறும்போதெல்லாம் அப்படியே சுருக்கி, எஸ்எச்ஏ-256 கைரேகையோடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) சேமியுங்கள். பிரித்தெடுத்த அட்டவணை மட்டும் போதாது. ஒவ்வொரு சோதனை வரியிலும் நேரம், வாடிக்கையாளர் எழுதித் தந்த பெயர், சீராக்கிய பெயர், எல்லாப் பட்டியல் கோப்புகளின் கைரேகை, நிரல் பதிப்பு, வரம்பு, விடை, தீர்த்தவர், காரணம் ஆகியவை இருக்கட்டும். இப்படி இருந்தால் 2025-இல் ஓட்டிய சோதனையை 2034-இல் மறுபடி ஓட்டி அதே விடையைக் காட்டலாம். போர்க்காலத்தில் இன்னொரு புலமும் தேவை: தடையிருந்தும் ஒரு பரிவர்த்தனையை அனுமதிக்கும் உரிமத்தின் எண்ணும் அது முடியும் தேதியும். எரிசக்திக் கட்டணங்களுக்கான ஓஃபாக்கின் பொது உரிமம் 8 பலமுறை புதுப்பிக்கப்பட்டு, கடைசியில் 2025 மார்ச் 12-இல் காலாவதியானது. தேதிப் புலம் இல்லாத மென்பொருள் மறுநாளும் அதே கட்டணத்தை அனுமதித்திருக்கும்.

வாடிக்கையாளர் “என் தரவை அழி” என்று கேட்டால், சட்டக் கோரிக்கையில் தற்காத்துக்கொள்ளும் விலக்கைக் காட்டிச் சோதனை வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கலாம். விற்பனைத் தரவும் சோதனைப் பதிவும் முதலிலிருந்தே தனித்தனித் தரவுத்தளத்தில் இருந்தால்தான் இது நடக்கும்.

சொந்த சர்வருக்குப் பெரிய எதிரி ஆள். நிரலை எழுதியவர் போய்விட்டால் அதைப் புரிந்த இரண்டாவது ஆள் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத நிறுவனம் சந்தாவுக்கே போகட்டும். நொடிகளில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய வங்கிகளுக்கும் அதுவே. கப்பல் சரக்குத் தொழிலில் கொடியும் பெயரும் மாறிக்கொண்டே இருக்கும், கப்பலுக்கு மாறாமல் இருக்கும் ஐஎம்ஓ எண்ணைப் பின்தொடர வேண்டும்; அங்கே என் சாய்வை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓப்பன் சாங்ஷன்ஸ் போன்ற திரட்டிய தரவைச் சொந்த சர்வரில் ஏற்றுவது இடைவழி. இறக்க வேலை பெருமளவு குறையும், ஆனால் வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டண உரிமம் வாங்க வேண்டும்.

சந்தாதான் என்று முடிவானால், கையெழுத்துக்கு முன் மாதிரி ஏற்றுமதிக் கோப்பு ஒன்றைக் கேளுங்கள். ஒவ்வொரு வரியிலும் பட்டியலின் பெயர், பதிப்புத் தேதி, வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கோப்பை உங்கள் சேமிப்புக்கு அனுப்ப வேண்டும் என்பதையும், தரவு எந்த நாட்டில் தங்கும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அமெரிக்கச் சேவை என்றால் 2023 ஜூலையில் வந்த ஐரோப்பிய ஒன்றிய-அமெரிக்கத் தரவுத் தனியுரிமைக் கட்டமைப்பில் அந்த நிறுவனம் சான்று பெற்றிருக்கிறதா என்று அதன் பொதுப் பட்டியலில் பெயரைத் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் நிலையான ஒப்பந்த விதிகளும் பரிமாற்ற ஆபத்து மதிப்பீடும் தனியாகச் செய்ய வேண்டியிருக்கும்.