ஆஞ்சான் கயிறு: பாலியெஸ்டரா, டைனீமாவா?

40 அடி பயணப் படகில் பெரிய பாயை ஏற்றும் ஆஞ்சானுக்குப் பெரும்பாலும் 10 மி.மீ. தடிமன் போதும். அந்தத் தடிமனில் பாலியெஸ்டரும் சரி, உறைக்குள் டைனீமா (மிக வலுவான, குறைவாக நீளும் பாலிஎதிலீன் இழை) உள்ளிழையாக ஓடும் கயிறும் சரி, சுமை தாங்காமல் அறுவதில்லை. உராய்ந்து தேய்ந்துதான் அறும். அதனால் அறுபடு பலத்தைப் பார்த்து வாங்குவதில் பொருளில்லை. பார்க்க வேண்டியது நீட்சி.

பாய் முழுக்க ஏறிய பிறகு, உச்சிக் கப்பியிலிருந்து பாய்மரத்துக்குள் இறங்கி, தளத்தின் மேல் ஓடி, கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கிளட்ச் வரை ஏறக்குறைய 19 மீட்டர் கயிறு விறைத்து நிற்கும். பாலியெஸ்டர் 2% நீண்டால் 38 செ.மீ. போச்சு. டைனீமா 0.5% நீண்டாலும் 10 செ.மீ.க்குள் அடங்கும். ஆஞ்சான் நெகிழ்ந்தால் பாயின் முன்விளிம்பு தொய்யும், வயிறு பின்னுக்கு நகரும், படகு கூடுதலாகச் சாயும், சுக்கான் கனக்கும். காற்று ஏறும்போதெல்லாம் வின்சில் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை) இழுத்துச் சரிசெய்யச் சலிக்காதவருக்குப் பாலியெஸ்டரே போதும். பாய் பழைய டேக்ரான் (பாலியெஸ்டர் பாய்த்துணி) என்றால் துணியே நீளும். அப்போது டைனீமாவுக்குக் கொடுக்கும் காசு வீண்.

டைனீமாவிடம் வேறு தொல்லைகள் உண்டு. இழை வழுக்கும். முனையில் வளையம் போடும் பௌலைன் முடிச்சு போட்டால் பலத்தில் பாதியோ அதற்கு மேலோ போய்விடும், ஆகவே ஸ்ப்லைஸ் செய்த, அதாவது முனையைக் கயிற்றுக்குள்ளேயே செருகிச் செய்த, கண்ணிதான் வேண்டும். உறையில்லாத ஒற்றைப் பின்னல் கயிற்றில் முனையை விட்டத்தைப்போல் 72 மடங்கு உள்ளே செருகுவது வழக்கம், 6 மி.மீ.க்கு 43 செ.மீ. உறை போட்ட கயிற்றில் கிளட்ச் உறையை மட்டும் பிடிக்க, உள்ளிழை நழுவும். அந்த இடத்தில் உறையையும் உள்ளிழையையும் சேர்த்துத் தைத்துவிடுங்கள். சுருட்டி வைக்கும் பெரிய முன்பாயான ஜெனோவாவின் ஆஞ்சான் மாதக்கணக்கில் இறுக்கத்திலேயே கிடக்கும். அதற்கு டைனீமாவில் எஸ்கே75 ரகம் வேண்டாம், மெல்ல மெல்ல நீண்டு திரும்பாது. எஸ்கே78 எவ்வளவோ மேல்.

பாயை இழுத்தும் விட்டும் கோணம் மாற்றும் தாமான் கயிற்றில் யோசிக்கவே வேண்டாம், பாலியெஸ்டர்தான். கைக்கு இதம், வின்சில் பிடிக்கும், திடீர் வீச்சின் அதிர்வைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்.

பழைய கம்பி ஆஞ்சானைக் கழற்றிக் கயிறு போடுபவர் முதலில் கப்பியைப் பார்க்க வேண்டும். கம்பிக்கு வெட்டிய குறுகிய பள்ளம் கயிற்றை நெரிக்கும், கம்பி அரித்த விளிம்பு உறையை அறுக்கும். எந்தக் கயிறானாலும் அகன்ற வட்டப் பள்ளமுள்ள கப்பிக்கு மாறாமல் போடுவது வீண்செலவு.

வாங்கும்போது 2 மீட்டர் கூடுதலாக வாங்குங்கள். பருவத்துக்கு ஒருமுறை பாய்ப்பக்க முனையில் 30 செ.மீ. வெட்டினால் கப்பிமேல் உட்காரும் இடம் மாறும். முடிச்சுப் போட்ட பாலியெஸ்டரில் இது நிமிட வேலை. டைனீமாவில் கண்ணியைப் புதிதாகச் செய்ய வேண்டும். இரண்டையும் நன்னீரில் ஊறவைத்து, மிதமான சோப்பில் அலசலாம். ப்ளீச் வேண்டாம். உயரழுத்தத் தண்ணீர் மணலை உள்ளே தள்ளும்.

பழைய கயிற்றால் இழுத்துப் புதுக் கயிறு கோக்கும்போது இரண்டின் முனைகளையும் ஒட்டவைத்து, ஊசி நூலால் தைத்து, மேலே டேப் சுற்றுங்கள். டேப்பை மட்டும் நம்பினால் உச்சிக் கப்பியின் வளைவில் பிரிந்து, கயிறு முழுதும் பாய்மரத்துக்குள் விழும். பிறகு யாராவது உச்சிக்கு ஏறியே ஆக வேண்டும்.