இரும்பு பேரல் புல்லட் 500-க்கு 8.5 ஃபோர்ஜ்டு பிஸ்டன்: போடலாமா?

பழைய இரும்பு பேரல் புல்லட் 500-க்கு ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன் தேடினால் பெரும்பாலும் கண்ணில் படுவது 8.5:1 கம்ப்ரஷன் கிட்தான், அதாவது சிலிண்டரில் உள்ள கலவையை 8.5-இல் ஒரு பங்காக அமுக்குவது. பிஸ்டன், ரிங் செட், பின், லாக் எல்லாம் சேர்ந்தே வரும். பொருளாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. கம்பெனி காஸ்ட் (வார்ப்பு) பிஸ்டனை விட பலம் அதிகம், ரிங் லேண்ட் (ரிங்குகளுக்கு நடுவில் உள்ள வரம்பு) அவ்வளவு லேசில் உடையாது. சிக்கல் பெட்டி மேல் இருக்கும் அந்த 8.5-இல்தான்.

கம்பெனியில் இந்த எஞ்சின் 84 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 499 சிசி, 6.5:1 கம்ப்ரஷன், 22 பிஎச்பி. இந்தக் கணக்கில் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே 90.7 சிசி இடம் இருக்கும். 7.5 ஆக்க அதை 76.7-ஆகவும், 8.5 ஆக்க 66.5-ஆகவும் குறைக்க வேண்டும். லாபம் எவ்வளவு? ஏட்டுக் கணக்குப்படி 6.5-இலிருந்து 7.5-க்குப் போனால் வெப்பத் திறன் 5 சதவீதம் போலக் கூடும். 7.5-இலிருந்து 8.5-க்கு இன்னொரு 4 சதவீதம். ஒவ்வொரு படிக்கும் லாபம் குறைந்துகொண்டே போகிறது. ஆனால் பிக் எண்ட் (கனெக்டிங் ராட் கிராங்கோடு சேரும் முனை) மேல் விழும் அடி குறைவதில்லை. சிலிண்டருக்குள் உச்ச அழுத்தம் ஏறக்குறைய கம்ப்ரஷன் ஏறுகிற அளவுக்கே ஏறும். 6.5 எங்கே, 8.5 எங்கே!

“கிளாசிக் 500-இலும் 8.5 தானே, அது ஓடவில்லையா?” என்று உடனே கேட்பார்கள். ஓடுகிறது. ஆனால் அது 2009-இல் வந்த யுசிஇ எஞ்சின் (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருப்பது). அலுமினிய பேரல், இன்ஜெக்‌ஷன், பெட்ரோலையும் இக்னிஷன் டைமிங்கையும் (பிளக்கில் பொறி வரும் நேரம்) நிலைமைக்கேற்ப மாற்றும் இசியு என்ற கணினி. பழைய எஞ்சினில் இருப்பது வார்ப்பிரும்பு பேரல். அது வெப்பத்தைக் கடத்துவது அலுமினியத்தில் மூன்றில் ஒரு பங்கு. டைமிங்கைப் பார்த்துக்கொள்வது பாயின்ட்டும் (திறக்கும்போது பொறி வரவைக்கும் ஸ்விட்ச்) இரண்டு ஸ்பிரிங்கும். கனெக்டிங் ராட் அலுமினியக் கலவை, பிக் எண்டில் மிதக்கும் புஷ் (bush, வளையம்). இரண்டு எஞ்சினும் ஒரே சிசி என்பதால் ஒரே கம்ப்ரஷன் தாங்கும் என்று ஆகிவிடாது.

இன்னொரு விஷயம் பிஸ்டன் தலையின் வடிவம். இந்த ஹெட்டின் அறை அரைக்கோளம். 8.5 வர வேண்டுமென்றால் பிஸ்டன் மேடு உயர்ந்து அறைக்குள் குடை மாதிரி நிற்க வேண்டும். பிளக் ஒரு பக்கம் இருக்கிறது. தீ அந்த மேட்டைச் சுற்றி மறுபக்கம் போய்ச் சேர நேரமாகும். அதற்குள் அந்தப் பக்கம் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடித்தால், அதுதான் நாக்கிங்.

கேமையும் (வால்வைத் திறந்து மூடவைக்கும் பாகம்) சேர்த்துப் பார்க்காமல் கம்ப்ரஷன் பேசக் கூடாது. இன்டேக் வால்வு மூடிய பிறகுதான் உண்மையில் காற்று அமுங்க ஆரம்பிக்கும். பிஸ்டன் அடியைத் தொட்டு 60 டிகிரி கடந்து வால்வு மூடுகிறது என்று வைத்தால், 90 மி.மீ. ஸ்ட்ரோக்கில் சுமார் 72 மி.மீ.தான் அமுக்கத்துக்கு மிஞ்சும். 75 டிகிரியில் மூடும் ஹாட் கேம் (ரேஸ் கேம்) போட்டால் சுமார் 62. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஹாட் கேமும் 8.5 பிஸ்டனும் கொடுக்கிற உண்மையான அமுக்கமும், சாதாரணக் கேமும் 7.5-ம் கொடுக்கிற அமுக்கமும் கிட்டத்தட்ட ஒன்றே (6.2). ஆக இந்தக் கிட் ரேஸ் கேம், ஸ்டீல் ராட், ரோலர் பிக் எண்ட் என்று முழு செட்டாகக் கட்டுகிறவர்களுக்குச் சரியான பொருள். கம்பெனி கேம், கம்பெனி ராட் வைத்து ஊருக்குப் போய் வருகிறவர்கள் 7.25 முதல் 7.5 வரை நிறுத்திக்கொள்வது நல்லது.

இப்போது பங்க்கில் கிடைப்பது E20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் சேர்ந்ததால் ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) ஏறியிருக்கிறது, அதனால் கம்ப்ரஷனை ஏற்றலாம் என்ற வாதத்தில் பாதிதான் உண்மை. எத்தனால் தன்னோடு ஆக்சிஜனையும் கொண்டு வருகிறது. கார்ப்பரேட்டருக்கு அது தெரியாது. பழைய ஜெட்டோடு (பெட்ரோலை அளந்து விடும் துளை) விட்டால் கலவை லீனாகி, அதாவது பெட்ரோல் பங்கு குறைந்து, எஞ்சின் சூடேறும். ஆக்டேனில் கிடைத்ததை இந்தச் சூடு பிடுங்கிக்கொள்ளும். மெயின் ஜெட்டை ஒரு அளவு, தேவைப்பட்டால் இரண்டு அளவு பெரிதாக்கி, பிளக் நிறம் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சரி, கையில் இருப்பது 8.5 கிட்தான், அதை 7.5-க்கு இறக்க முடியுமா? முடியும். பேரலுக்கு அடியில் அலுமினிய பிளேட் வையுங்கள். 84 மி.மீ. போரில் 1 மி.மீ. பிளேட் 5.5 சிசி சேர்க்கும், 8.5 என்பது 7.9 ஆகும். 2 மி.மீ. வைத்தால் 7.4. புஷ்ராட் அட்ஜஸ்டர் கீழே டேப்பெட் மூடிக்குள் இருப்பதால் உயர வித்தியாசத்தை அங்கேயே சரிசெய்துகொள்ளலாம். ஆனால் 2 மி.மீ. திருப்பிய பிறகும் நூல் போதுமான அளவு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நீளமான புஷ்ராட்தான் வழி. ஹெட்டைச் சட்டத்தோடு பிடிக்கும் பிராக்கெட்டின் ஓட்டையும் அதே அளவு தள்ளும். அதை இழுத்துப் பிடித்து போல்ட் போட்டால் கொஞ்ச நாளில் பிராக்கெட் விரியும். ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பையும் வளைத்துத் திணிக்காதீர்கள்.

எதிர்த்திசையில், கம்பெனி பிஸ்டனை வைத்துக்கொண்டு லேத்தில் ஹெட்டைச் சீவியே 7.5 கொண்டுவரலாம் என்பார்கள். 14 சிசி குறைய வேண்டும், அதற்கு 2.5 மி.மீ. சீவ வேண்டும். அந்த வேலையே வேண்டாம்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பாமல் அளந்து பாருங்கள். ஹெட் வார்ப்பு ஒவ்வொன்றும் கொஞ்சம் மாறும், முன்பு யாராவது சீவியும் இருக்கலாம். பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, ஓரத்தில் கிரீஸ் தடவி, கேஸ்கெட்டோடு ஹெட்டை முழு டார்க்கில் இறுக்குங்கள். பிளக் ஓட்டை மேலே பார்க்கும்படி எஞ்சினைச் சாய்த்து, கொஞ்சம் 2T ஆயில் கலந்த மண்ணெண்ணெயை பியூரெட்டால் ஊற்றுங்கள். நூலின் மேல் விளிம்பு வரை நிரப்பினால் ஓட்டையின் கொள்ளளவைக் கழிக்க வேண்டும்: 14 மி.மீ. பிளக், 12.7 மி.மீ. நீளம் என்றால் சுமார் 2 சிசி, 19 மி.மீ. என்றால் சுமார் 3. பியூரெட்டில் 74 காட்டி 2 கழிந்தால் 72. 499-ஐ 72-ஆல் வகுத்து 1 கூட்டினால் 7.9.

அதே சமயத்தில் பிஸ்டன் மேல் களிமண் ஒட்டி, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி வால்வு இடைவெளியையும் பார்த்துவிடுங்கள். இன்டேக் பக்கம் 1.5 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2 மி.மீ. குறைந்தபட்சம் வேண்டும். ரிங் கேப் (ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி) 84 மி.மீ. போருக்கு 0.34 மி.மீ. போல. போர் கிளியரன்ஸில் (பிஸ்டனுக்கும் பேரலுக்கும் உள்ள இடைவெளி) லேத்காரர் பழக்கத்துக்கு விட்டுவிடாதீர்கள். காஸ்ட் பிஸ்டன் அளவுக்கு இறுக்கமாகப் போர் செய்தால் ஃபோர்ஜ்டு பிஸ்டன் முதல் நீண்ட ஓட்டத்திலேயே பிடித்துக்கொள்ளும். பிஸ்டனோடு வந்த தாளில் இருக்கும் அளவுதான் அளவு.

டைமிங் கம்பெனி சொல்லும் 0.8 மி.மீ. பிடிடிசி-யில் (பிஸ்டன் உச்சியைத் தொட இன்னும் அவ்வளவு தூரம் இருக்கும்போது) தொடங்கட்டும். ஆம்மீட்டர் முள் நடுவுக்குத் திரும்பும் இடம்தான் பாயின்ட் திறக்கும் இடம். கம்ப்ரஷன் ஏறினால் எரிப்பு வேகமாகும். அதனால் அதற்கு மேல் அட்வான்ஸ் (பொறியை முந்தவைப்பது) தேவைப்படாது, சத்தம் வந்தால் 0.6 பக்கம் குறைக்க வேண்டும். பிளக் ஒரு படி குளிர்ந்தது: என்ஜிகே-யில் எண் கூடினால் குளிர், பாஷில் எண் குறைந்தால் குளிர். கடையில் மாற்றிக் கேட்டு, சூடான பிளக்கை வாங்கி வருகிறவர்கள் உண்டு.

சோதிக்க மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏற்றம் நல்ல இடம். பின்னால் ஆள் வைத்து, எஞ்சின் சூடான பிறகு, மூன்றாம் கியரில் குறைந்த வேகத்தில் முழு ஆக்ஸிலரேட்டர். டிங் டிங் என்று வந்தால் உடனே விட்டுவிடுங்கள். ஊட்டியில் சத்தம் வராமல் ஓடியதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு போலத்தான், அங்கே 8.5-ம் சாதுவாக இருக்கும். கீழே இறங்கியதும் பிளக்கைக் கழற்றி லென்ஸில் பாருங்கள். வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத்தூள் மாதிரிக் கரும்புள்ளி இருந்தால் டைமிங்கைக் குறைக்க வேண்டும். பளபளக்கும் அலுமினியப் பொட்டு இருந்தால் ஹெட்டைக் கழற்றாமல் அடுத்த கிக் அடிக்க வேண்டாம்.